ப்ரொப்பெல்லரைக் கேட்காமல் மோட்டார் வாங்காதீர்கள்

ஏ2212 என்ற பெயரில் ஒரு சிறிய பிரஷ்லெஸ் மோட்டார், சென்னை ரிச்சி தெருக் கடைகளிலும் இணையத்திலும் பல ஆண்டுகளாக விற்கிறது. பொறியியல் மாணவர்கள் முதன்முதலாகச் செய்யும் மாதிரி விமானத்தின் மூக்கில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே தோற்றத்தில் இது 1000 கேவி, 1400 கேவி, 2200 கேவி என்று வரும். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான் அடையாளம். 1000 கேவி மோட்டாரில் மூன்று செல் பேட்டரியும் 10 அங்குல ப்ரொப்பெல்லரும் போட்டால் ஓடும். 2200 கேவியில் அதே பேட்டரியையும் அதே ப்ரொப்பெல்லரையும் மாட்டி த்ராட்டிலை முழுக்கத் திறந்தால் சற்று நேரத்தில் காயில் கருகும் வாடை வரும். மோட்டார் தப்பினால் இஎஸ்சி புகையும். இஎஸ்சி என்பது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் நின்று வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுப் பலகை. எது எரிந்தாலும், ‘மலிவுச் சரக்கு, அப்படித்தான் இருக்கும்’ என்ற தீர்ப்போடு விஷயம் முடிந்துவிடும். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு என்பது என் கருத்து. மோட்டார், ப்ரொப்பெல்லர், இஎஸ்சி மூன்றும் ஒரு பேட்டரியோடு சேர்ந்த பிறகுதான் எத்தனை வாட், எத்தனை ஆம்பியர் என்று பேசவே முடியும். நாமோ முதலில் மோட்டாரை வாங்கி, அதற்கு இஎஸ்சி தேடி, கடைசியில் கைக்குக் கிடைத்த ப்ரொப்பெல்லரை மாட்டுகிறோம். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். அப்படிச் சேர்த்ததையும் வாட்மீட்டரால் அளந்து பார்க்காமல் எந்தக் கல்லூரியும் எந்தப் போட்டியும் விமானத்தைத் தரையை விட்டு எழும்ப விடக்கூடாது.

கேவி என்ற எண்ணை மோட்டாரின் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். பலத்தைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை. சுமையில்லாமல் ஓடும்போது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதே கேவி. மூன்று செல் லிப்போ பேட்டரியின் பெயரளவு மின்னழுத்தம் 11.1 வோல்ட், ஆக 1000 கேவி மோட்டார் வெறுமனே சுற்றினால் சுமார் 11,100 ஆர்பிஎம். இதே எண்ணுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 9.55-ஐக் கேவியால் வகுத்தால், ஒரு ஆம்பியருக்கு அந்த மோட்டார் எத்தனை நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை தரும் என்பது கிடைத்துவிடும். கேவி ஏறினால் வேகம் ஏறும், ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்கு இறங்கும். இரண்டையும் ஒரே மோட்டாரில் கேட்க முடியாது. இதைவிட முக்கியமானது, மோட்டாருக்குத் தன் எல்லை தெரியாது என்பது. தன் கேவி சொல்லும் வேகத்தை எட்ட அது முயலும், ப்ரொப்பெல்லர் காற்றை அள்ளித் தடுக்கும், அந்தத் தடையை வெல்ல எவ்வளவு மின்னோட்டம் வேண்டுமோ அவ்வளவையும் பேட்டரியிலிருந்து இழுக்கும். போர்வெல் வைத்திருக்கும் விவசாயிக்கு இது புதிய செய்தியல்ல. பம்பின் இம்பெல்லர் எவ்வளவு தண்ணீரை எவ்வளவு உயரத்துக்குத் தள்ளுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அவருடைய ஆம்ப்ஸ் மீட்டரின் முள் நகரும். மோட்டார்மீது எழுதியிருக்கும் எச்பியைப் பார்த்து நகராது. அவருக்கு ஒரு வசதி கூடுதல். ஸ்டார்ட்டர் பெட்டியில் ஓவர்லோடு ரிலே இருக்கிறது. மாணவர்கள் வாங்கும் மலிவு இஎஸ்சியில் மின்னோட்டத்தை அளந்து நிறுத்தும் ஏற்பாடு பொதுவாக இருப்பதில்லை. மிகச் சூடானால் நிறுத்தும் பாதுகாப்பு சிலவற்றில் உண்டு, அதையும் நம்பி வாழ முடியாது.

ப்ரொப்பெல்லரின் கணக்கு இரக்கமில்லாதது. 10×4.5 என்று எழுதியிருந்தால் விட்டம் 10 அங்குலம், பிட்ச் 4.5 அங்குலம், அதாவது வழுக்கல் இல்லாமல் முன்னேறினால் ஒரு சுற்றில் கடக்கும் தூரம். ஒரே வடிவமுள்ள ப்ரொப்பெல்லர்களைச் சுழற்றத் தேவையான திறன், சுழல் வேகத்தின் முப்படியாகவும் விட்டத்தின் ஐந்தாம் படியாகவும் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு. விட்டம் இரட்டித்தால் 32 மடங்கு. ‘ஒரு அங்குலம்தானே’ என்று 10-க்குப் பதில் 11 அங்குலம் மாட்டினால், அதே வேகத்தில் சுழல 61 விழுக்காடு கூடுதல் திறன் வேண்டும். 12 அங்குலம் என்றால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. இப்போது அந்த 2200 கேவி மோட்டாருக்குத் திரும்பலாம். 1000 கேவியைவிட 2.2 மடங்கு வேகமாகச் சுழல அது முயல்கிறது, 2.2-ன் முப்படி 10.6. ஆக அதே 10 அங்குல ப்ரொப்பெல்லரை வைத்துக்கொண்டு அது பத்து மடங்குக்கு மேல் திறனைக் கேட்கிறது. பேட்டரியின் மின்னழுத்தம் சரிவதால் அந்த வேகத்தை அது எட்டப்போவதில்லை. ஆனால் எட்ட முயலும் வழியிலேயே எரிந்துபோகப் போதுமான மின்னோட்டம் ஓடிவிடும். ப்ரொப்பெல்லரை 6 அங்குலமாகக் குறைத்துப் பாருங்கள். 0.6-ன் ஐந்தாம் படி 0.078, அதை 10.6-ஆல் பெருக்கினால் 0.83. பழைய சுமையே கிட்டத்தட்டத் திரும்பி வந்துவிட்டது. இந்த மோட்டாரின் 2200 கேவி வகைக்கு 6 அங்குல ப்ரொப்பெல்லரைப் பரிந்துரைப்பதன் காரணம் இந்த ஒரு வரிக் கணக்குதான். ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை ஒரு விட்டத்தோடு சேர்த்துப் படித்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

பேட்டரியை மாற்றுவதும் இதே விளையாட்டுதான். மூன்று செல்லில் விமானம் சோம்பலாகப் பறக்கிறது, நான்கு செல் போடு என்பது மைதானத்தில் எளிதாகக் கிடைக்கும் அறிவுரை. மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறது, ப்ரொப்பெல்லர் மாறவில்லை. வேகம் அதே விகிதத்தில் ஏறினால் மின்னோட்டம் அதன் இருபடியாக 1.78 மடங்கு, திறன் 2.37 மடங்கு, கம்பிச் சுருளில் வெப்பமாக வீணாவது 3.16 மடங்கு. மூன்று செல்லில் 15 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்த அமைப்பு நான்கில் 27 ஆம்பியர் பக்கம் போய்விடும். 165 வாட் சுமார் 390 வாட் ஆகும். நடைமுறையில் மின்னழுத்தச் சரிவால் இந்த எண்கள் சற்றுக் குறையலாம், திசை மாறாது. சுருளின் செம்பு சூடேறச் சூடேற அதன் மின்தடை டிகிரிக்கு 0.39 விழுக்காடு கூடுகிறது. 60 டிகிரி ஏறினால் கால்பங்குக்கு அருகில். சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தம் காந்தத்தை நிரந்தரமாக இழக்கத் தொடங்கலாம். காந்தம் பலவீனமானால் கேவி ஏறும், கேவி ஏறினால் மின்னோட்டம் ஏறும், பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டு அட்டவணைகள் பெரும்பாலும் இதமான தட்பவெப்பத்தில் அளந்தவை என்பதையும் கவனிக்க வேண்டும். மே மாதத்துச் சென்னையின் 38 டிகிரியில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிட ஏறக்குறைய 7 விழுக்காடு குறைவு. அதனால் ப்ரொப்பெல்லரின் சுமை கொஞ்சம் குறையும் என்பது உண்மை. ஆனால் இழுவிசையும் குறையும், மோட்டாரோ ஓடத் தொடங்கும் முன்பே 23 டிகிரி கூடுதல் சூட்டோடு நிற்கிறது.

சரி, தலைகீழ் வரிசை எப்படி இருக்கும்? விமானத்திலிருந்து தொடங்க வேண்டும். 1.2 கிலோ எடை, 0.30 சதுர மீட்டர் இறக்கைப் பரப்பு கொண்ட ஒரு பயிற்சி விமானத்தை எடுத்துக்கொள்வோம். இறக்கையின் உச்சத் தூக்கு எண்ணை 1.2 என்று வைத்தால், அது காற்றில் நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் மணிக்கு சுமார் 27 கிலோமீட்டர். பறப்போர் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் விதி, பிட்ச் வேகம் (பிட்சைச் சுழல் வேகத்தால் பெருக்கினால் வருவது) இதைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது. அதாவது 70 கிலோமீட்டர் அளவில். நிதானமான பயிற்சி விமானத்துக்குக் கிலோவுக்கு 110 முதல் 150 வாட் போதும். மேல் வரம்பை எடுத்தால் 180 வாட். சக்கரத்தின் உயரம் 10 அங்குல ப்ரொப்பெல்லருக்கு இடம் தருகிறது என்று கொள்வோம். 10×6 ப்ரொப்பெல்லர் 8000 ஆர்பிஎம்மில் சுழன்றால் பிட்ச் வேகம் மணிக்கு 73 கிலோமீட்டர். அதைச் சுழற்ற அச்சில் சுமார் 140 வாட், மோட்டாரின் இழப்பையும் சேர்த்துப் பேட்டரியிலிருந்து 180 வாட். வேண்டியது வந்துவிட்டது. சுமையில் மூன்று செல் பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்கும். சுமையேறிய மோட்டார் தன் வெற்று வேகத்தில் முக்கால் பங்கு முதல் ஐந்தில் நான்கு பங்கு வரை ஓடும். 8000-ஐ எட்ட 950 முதல் 1000 கேவி வேண்டும். மின்னோட்டம் 17 ஆம்பியர். கேவி என்ற எண் இந்தக் கணக்கில் எங்கே வந்தது பாருங்கள்: கடைசிக்கு முன்னால். அதற்கும் பிறகுதான் மோட்டாரின் உருவம். கிராமுக்கு 3 வாட் என்ற பாதுகாப்பான விகிதப்படி 60 கிராம் மோட்டார் தேவை. ஏ2212 அதைவிடச் சற்று இலேசானது. ஆகவே அதே 1000 கேவியில் ஒரு சுற்று பெரிய மோட்டார், உதாரணமாக 2216 அளவு, பொருத்தம். முதல் எண்ணான 22 ஸ்டேட்டரின் விட்டம், 16 அதன் உயரம், இரண்டும் மில்லிமீட்டரில். கேவியை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது.

கல்லூரி ஆய்வகங்களில் இன்னொரு மயக்கம் உண்டு: மோட்டாரை ஒரு தராசில் பொருத்தி எத்தனை கிராம் தள்ளுகிறது என்று பார்த்து, அதிகம் தள்ளும் ப்ரொப்பெல்லரைத் தேர்ந்தெடுப்பது. நின்ற இடத்தில் பெரிய விட்டமும் குறைந்த பிட்சும்தான் எப்போதும் ஜெயிக்கும். விமானமோ நின்ற இடத்தில் பறப்பதில்லை. 10×4.5 ப்ரொப்பெல்லரின் பிட்ச் வேகம் 8000 ஆர்பிஎம்மில் மணிக்கு 55 கிலோமீட்டர்தான். விமானம் 50-ஐ நெருங்கும்போது தராசில் பார்த்த இழுவிசையில் சிறு பகுதிதான் மிஞ்சியிருக்கும். ப்ரொப்பெல்லரின் தரமும் பெயரளவு எண்ணில் தெரியாது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிராண்ட், செலிக் இருவரும் 9 முதல் 11 அங்குலம் வரையிலான 79 ப்ரொப்பெல்லர்களைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து 2011-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நல்லவற்றின் உச்சத் திறனளவு 0.65 அளவில் இருந்தது. மிக மோசமானது 0.28. பேட்டரியிலிருந்து அதே வாட்டை உறிஞ்சி, பாதிக்கும் குறைவாக வேலை செய்யும் ப்ரொப்பெல்லர் கடையில் அதே கொக்கியில் தொங்கக்கூடும். இதில் உயிர்ப் பாதுகாப்பும் கலந்திருக்கிறது. ஏபிசி நிறுவனம் தன் மெல்லிய ‘ஸ்லோ ஃப்ளையர்’ வகைக்கு விதித்திருக்கும் வேக வரம்பு, 65,000-ஐ அங்குல விட்டத்தால் வகுத்து வருவது. 10 அங்குலத்துக்கு 6500 ஆர்பிஎம். அதே நிறுவனத்தின் ‘தின் எலக்ட்ரிக்’ வகைக்கு இந்த வரம்பு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 1000 கேவி மோட்டாரும் மூன்று செல்லும் 10×4.5 அளவு ப்ரொப்பெல்லரை 7000-க்கு மேல் எளிதாகச் சுழற்றும். 8000-ல் 10 அங்குல ப்ரொப்பெல்லரின் நுனி மணிக்கு 380 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒடிந்து பறக்கும் துண்டு யார் முகத்தை நோக்கி வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இங்கே வழக்கமாகக் கூட்டாக விற்கும் மோட்டாரும் மெல்லிய ப்ரொப்பெல்லரும் இந்த வரம்புக்கு எந்தப் பக்கம் இருக்கின்றன என்று விற்பவரும் கேட்பதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

இஎஸ்சியைப் பற்றி இரண்டு நேரெதிர் மூடநம்பிக்கைகள் உலவுகின்றன. பெரிய இஎஸ்சி போட்டால் மோட்டாருக்குள் அதிக மின்னோட்டத்தைத் திணித்து எரித்துவிடும் என்பது ஒன்று. இஎஸ்சி எதையும் திணிப்பதில்லை. தாங்கக்கூடிய அளவைத்தான் அதன் எண் சொல்கிறது. 17 ஆம்பியர் அமைப்புக்கு 60 ஆம்பியர் இஎஸ்சி போட்டால் எடையும் பணமும் வீண், வேறு கேடில்லை. 30 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால் 30 ஆம்பியர் எப்போதும் தாங்கும் என்பது மற்றொன்று. அந்த எண், பலகைமீது காற்று நன்றாகப் பாய்கிறது என்ற நிபந்தனையோடு வருவது. தெர்மோகோல் உடலுக்குள், மூடிய பெட்டியில், டேப் சுற்றி வைத்தால் நிபந்தனை போய்விட்டது. நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இடைவெளி விட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். ஆனால் ஆம்பியரைவிட மோசமான பொறி இஎஸ்சிக்குள் வேறொன்று இருக்கிறது. ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் 5 வோல்ட் தரும் பிஇசி என்ற பகுதி அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். மலிவான இஎஸ்சிகளில் இது லீனியர் வகை. மிச்ச மின்னழுத்தத்தை வெப்பமாகவே கொட்டும். சர்வோக்கள் 1 ஆம்பியர் இழுத்தால் மூன்று செல்லில் 6 வாட் வெப்பம், நான்கு செல்லில் ஏறக்குறைய 10 வாட். நகத்தளவு சில்லுக்கு இது அதிகம். மோட்டார் எரிந்தால் விமானம் சறுக்கியாவது இறங்கும், ஓட்டுபவர் கையில் கட்டுப்பாடு இருக்கும். பிஇசி மூடிக்கொண்டால் ரிசீவர் செத்துவிடும். அதன் பிறகு அந்த விமானம் யாருடைய பேச்சையும் கேட்காது. ‘சிக்னல் போச்சு’ என்று ரேடியோவைத் திட்டும் விபத்துகளில் எத்தனை உண்மையில் இந்த 5 வோல்ட்டால் வந்தவை என்று ஒருமுறை சந்தேகப்படுவது நல்லது.

இதற்கெல்லாம் மறுமொழிகள் உண்டு. முழு த்ராட்டில் யார் பயன்படுத்துகிறார்கள், பாதியில்தானே பறப்போம் என்பது முதலாவது. பாதி த்ராட்டில் என்பது பாதி மின்னழுத்தம் அல்ல; இஎஸ்சி முழு மின்னழுத்தத்தையே வேகமாகத் திறந்து மூடுகிறது. பேட்டரிக் கம்பியில் ஓடுவதைவிட மோட்டார்ச் சுருளில் அப்போது அதிக மின்னோட்டம் ஓடும். அதனால் குறைந்த த்ராட்டிலில் வாட்மீட்டர் காட்டும் எண் மோட்டாரின் நிலையை முழுதாகச் சொல்லாது. இருந்தாலும் ப்ரொப்பெல்லரின் சுமை வேகத்தோடு சரசரவென்று இறங்குவதால் பாதி த்ராட்டிலில் மோட்டார் பிழைத்துக்கொள்ளும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேள்வி அதுவல்ல. விமானம் மரத்தை நோக்கிப் போகும்போது, இறங்கும் பாதையில் ஒருவர் குறுக்கே வரும்போது, கட்டைவிரல் தானாகக் குச்சியை மேலே தள்ளிவிடும். எந்த விநாடியில் இயந்திரம் கண்டிப்பாக வேண்டுமோ, அந்த விநாடியில் கைவிடும்படி ஓர் அமைப்பைச் சேர்த்து வைப்பது என்ன நியாயம்? எஃப்5ஜே என்ற சர்வதேச கிளைடர் பிரிவில் மோட்டாரை அதிகபட்சம் 30 விநாடிகள் மட்டுமே ஓட்டலாம். அங்கே சிலர் மோட்டாரின் தொடர் வரம்பை மீறிய ப்ரொப்பெல்லரைத் தெரிந்தே போடுகிறார்கள். அவர்களிடம் எத்தனை விநாடிக்கு எத்தனை ஆம்பியர் என்ற அளவு இருக்கிறது, மோட்டாரை நிறுத்தக் கடிகாரமும் இருக்கிறது. வரம்பைத் தெரிந்து மீறுவதும் தெரியாமல் மீறுவதும் ஒன்றாகிவிடாது.

தரையில் அளப்பது வானத்துக்குப் பொருந்தாது, விமானம் ஓடத் தொடங்கினால் ப்ரொப்பெல்லரின் சுமை குறைந்துவிடும் என்பது இரண்டாவது மறுமொழி. இதில் நிறைய உண்மை உண்டு. பிட்ச் அதிகமான ப்ரொப்பெல்லர் நின்ற நிலையில் காற்றைக் கடைந்துகொண்டு நிற்கும். பறக்கத் தொடங்கியதும் மின்னோட்டம் கண்கூடாக இறங்கும். ஆனால் பிழை எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்க வேண்டும். தரையில் தாங்கும் அமைப்பு வானத்திலும் தாங்கும். செங்குத்தாக ஏறும்போதும், மிக மெதுவாக மூக்கைத் தூக்கிப் பறக்கும்போதும் தரை எண்ணுக்கு அருகிலேயே அது வந்து நிற்கும். அதற்கு மேல் துல்லியம் வேண்டுவோர், மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் கருவியை விமானத்திலேயே வைத்துப் பறக்கலாம். ஈகால்க் போன்ற கணிப்பான்கள் இருக்கும்போது மீட்டர் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. தேர்வுக்கு அவை மிக நல்ல துணை. நூறு சேர்க்கைகளைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் அவை சொல்வது, அவற்றின் பட்டியலில் இருக்கும் மோட்டாருக்கான விடை. பெயரில்லாத மோட்டாரில் 1000 என்று ஒட்டியிருப்பது உண்மையில் 930-ஆ 1080-ஆ என்று கணிப்பானுக்குத் தெரியாது. மின்னோட்டத் திறன் 25சி என்று அச்சிட்ட பழைய பேட்டரி சுமையில் எவ்வளவு தொய்யும் என்பதும் தெரியாது. எட்டு விழுக்காடு கூடுதல் கேவி, முப்படியில் 26 விழுக்காடு கூடுதல் திறனாக வந்து நிற்கும். கடையில் கிடைக்கும் ‘காம்போ’ வாங்கிவிட்டால் தலைவலி இல்லை என்பார்கள். அந்தச் சேர்க்கை ஏதோ ஒரு விமானத்துக்கு, பெரும்பாலும் நான்கு மோட்டார் கொண்ட குவாட்காப்டருக்குச் சரியாக இருக்கும். குவாட்காப்டருக்குப் பிட்ச் வேகத்தைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. இறக்கை வைத்த விமானத்துக்கு அதுதான் உயிர்.

பொருள் அரிதாக இருந்த காலத்தில், அளந்து பொருத்தும் இந்த ஒழுங்கு தானாக இருந்தது. 1957 ஜூன் 30 அன்று பிரிட்டனில் கர்னல் டாப்ளின் தன் ‘ரேடியோ குவீன்’ மாதிரியை வெள்ளி-துத்தநாக பேட்டரியில் பறக்கவிட்டார்; மின்சாரத்தால் பறந்த ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரிகளில் அதிகாரபூர்வமாகப் பதிவான முதல் பறப்பு அதுதான். அதன் பின் பல பத்தாண்டுகள் கனமான நிக்கல்-காட்மியம் செல்லும் பிரஷ் மோட்டாரும்தான் கதி. ஒரு வாட் வீணானாலும் விமானம் எழும்பாது. அதனால் ப்ரொப்பெல்லரையும் கியர்ப் பெட்டியையும் மாற்றி மாற்றி அளந்தார்கள். இன்று லிப்போவும் நியோடிமியமும் திறனை அள்ளிக் கொடுக்கின்றன. பொருத்தமில்லாத சேர்க்கையும் எப்படியோ பறந்துவிடுகிறது. எரிவது மட்டும்தான் தவறு, பறந்தால் சரி என்ற எண்ணம் அங்கேதான் வேர் விட்டது. பேட்டரியில் முக்கால்வாசியை வெப்பமாக்கிக்கொண்டும் ஒரு விமானம் பறக்கலாம்.

எரித்துத்தான் மாணவர்கள் கற்பார்கள், அதைத் தடுக்காதீர்கள் என்று சொல்லும் ஆசிரியர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் எரிந்த மோட்டார் எதைக் கற்றுத் தருகிறது? கேவி தவறா, விட்டம் தவறா, பேட்டரி தவறா, காற்றோட்டம் தவறா என்று அது சொல்லாது. ஒரே மோட்டாரில் மூன்று ப்ரொப்பெல்லர்களை மாட்டி, மூன்று எண்களை எழுதி, ஐந்தாம் படி விதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவர் ஒரு மாலையில் கற்பது அதிகம். ஒரு வாட்மீட்டரின் விலை இரண்டொரு இஎஸ்சிகள் எரிவதோடு ஈடாகிவிடும். ஒரு துறைக்கு ஒன்று போதும். போட்டி விதிகளும் இதைச் செய்ய வைக்கலாம் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் எஸ்ஏஇ ஏரோ டிசைன் போட்டியின் ரெகுலர் பிரிவில் பல ஆண்டுகள், பேட்டரிக்கும் இஎஸ்சிக்கும் நடுவே 1000 வாட்டில் கட்டுப்படுத்தும் லிமிட்டர் கட்டாயமாக இருந்தது. எவ்வளவு பெரிய மோட்டாரும் போட்டுக்கொள், 1000-க்கு மேல் கிடையாது என்றதும் அணிகள் ப்ரொப்பெல்லரைப் பற்றி யோசிக்கத் தொடங்கின. அதே வாட்டில் விட்டம் பெரிதாகி வேகம் குறைந்தால் நின்ற நிலை இழுவிசை கூடும். கோட்பாட்டளவில் 10 அங்குலத்திலிருந்து 14-க்குப் போனால் நான்கில் ஒரு பங்கு கூடுதல்.

இந்தியாவில் 2021-ன் ட்ரோன் விதிகள், கல்விக்கும் பொழுதுபோக்குக்கும் கண்ணெட்டும் தூரத்தில் பறக்கும் மாதிரி விமானங்களுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை என்று விலக்களிக்கின்றன. அது நல்ல விலக்கு; மாணவர் செய்யும் தெர்மோகோல் விமானத்துக்குச் சான்றிதழ் கேட்பது அபத்தம். ஆனால் அரசு பார்க்காத இடத்தில் யாராவது பார்க்க வேண்டும். நம் கல்லூரிகளும் போட்டி அமைப்பாளர்களும் கேட்க வேண்டியது ஒரு தாள்தான்: விமானத்தின் எடை, ப்ரொப்பெல்லரின் பெயர், அளவு, தயாரிப்பாளர் சொன்ன வேக வரம்பு, முழு சார்ஜ் பேட்டரியில், விமானத்தைக் கட்டிவைத்து, சில விநாடிகள் முழு த்ராட்டில் கொடுத்தபோது கிடைத்த வோல்ட், ஆம்பியர், ஆர்பிஎம், ஒரு நிமிடம் ஓடிய பிறகு மோட்டார், இஎஸ்சி இரண்டின் வெப்பநிலை. விற்பனையாளர்களும் தங்கள் பங்குக்கு, மோட்டார்ப் பெட்டியில் கேவியை மட்டும் பெரிதாக அச்சிடாமல், இரண்டு செல்லுக்கு இந்த ப்ரொப்பெல்லர், மூன்று செல்லுக்கு இது, இத்தனை ஆம்பியர் என்று நான்கு வரி சேர்க்கலாம். நல்ல தயாரிப்பாளர்கள் பலர் ஏற்கெனவே இதைத் தருகிறார்கள். அந்த நான்கு வரி இல்லாத மோட்டாரைக் கல்லூரிக் கொள்முதல் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று துறைகள் முடிவெடுத்தால், அடுத்த சரக்கிலேயே பெட்டியில் அச்சு மாறும்.